மாத்திரை கேட்காதபோது மலையேறியவன்

1

ஒரு மாத்திரை கேட்கவில்லை என்றால் இரண்டாகப் போட வேண்டும், இரண்டும் கேட்கவில்லை என்றால் கம்பெனியை மாற்ற வேண்டும் என்று நான் மனதார நம்பினேன். அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. ஜெர்மனியில் எட்டு வருஷம் கம்ப்யூட்டரைத் தட்டிச் சோறு தின்றிருந்தேன். படித்தவன் என்று ஊரில் ஒரு பேச்சும் உண்டு.

ஆனால் நான் ஏலக்காய்த் தோட்டத்துக்காரன். போடிமெட்டுச் சரிவில் செடிக்கு ஒன்று என்றால் எங்கள் ஆட்கள் காரணம் கேட்பதில்லை. மருந்து அடிப்பார்கள். கேட்கவில்லையா, இன்னும் கொஞ்சம் கெட்டியாகக் கலக்கி அடிப்பார்கள். அதற்கும் கேட்கவில்லை என்றால் மருந்துக்கடைக்காரனைத் திட்டிவிட்டு வேறு கடைக்குப் போவார்கள். என் அப்பா அறிந்த வைத்திய சாஸ்திரம் அவ்வளவுதான். தோட்டத்தை அண்ணனுக்கு எழுதியவர், சாஸ்திரத்தை எனக்கு எழுதிவிட்டுப் போனார்.

அது எனக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல என்று போன வாரம்தான் தெரிந்தது. சித்தப்பா மகன் போடியிலிருந்து செய்தி அனுப்பியிருந்தான். "அண்ணே, என் வீட்டுக்காரிக்கு அஞ்சு மாசமா குழந்தை தங்கறதுக்கு மாத்திரை குடுக்குறாக. கேக்கல. டோஸக் கூட்டச் சொல்லவா? ஒங்க ஊர்ல இதவிடப் பெரிய மாத்திரை இருந்தாக் கொண்டாங்கண்ணே."

காலை ரயிலில் இருந்தேன். ஸ்டுட்கார்ட் போகிற ரயிலில் யாரும் யாருடனும் பேசமாட்டார்கள். தனியாகச் சிரிப்பது இன்னும் பெரிய குற்றம். நான் சிரித்தேன். எதிரே இருந்த அம்மாள் தன் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

தம்பிக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவன் பெயரைப் போடவில்லை. போட்டால் அவன் போடி பஸ்ஸ்டாண்டில் நிம்மதியாக ஒரு டீ குடிக்க முடியாது.

2

என் மனைவி மலர்க்கொடி ராசிங்காபுரத்துக்காரி. இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவளுக்கு மாதவிலக்கு தன் இஷ்டத்துக்கு வரும், போகும். சினைமுட்டை சரியாக வெளிவரவில்லை என்று ஜெர்மன் டாக்டர் சொன்னார். முதல் நாளே இரண்டு பொருள்களைக் கொடுத்தார். அவளுக்கு மாத்திரைச் சீட்டு. எனக்கு மூடிபோட்ட ஒரு டப்பா. விந்துப் பரிசோதனைக்கு.

அவள் அந்த வாரமே மாத்திரையைத் தொடங்கினாள். நான் டப்பாவைச் சமையலறையில் ரசப்பொடி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். தொலைந்துவிடக் கூடாது பாருங்கள்.

எனக்கு நியாயங்கள் இருந்தன. அப்பாவுக்கு நாங்கள் ஐந்து பேர். சித்தப்பாவுக்கு ஆறு. இப்படிப்பட்ட குடும்பத்து ஆளைப் பரிசோதனைக்குக் கூப்பிடுவதே மரியாதைக் குறைவு. ஆபீசில் வேலை நெருக்கடி. வெளியே பனி. பனி நின்றதும் வெயில்.

ஒரே ஒருமுறை வீரம் வந்து பரிசோதனைக்கூடத்துக்குப் போன் செய்தேன். கண்ணாடி முன்னால் நின்று ஜெர்மன் வாக்கியத்தைப் பத்துத் தடவை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் செய்தேன். அந்தப் பக்கம் ஒரு பெண் எடுத்தாள். நான் தெளிவாக, இலக்கணப் பிழையில்லாமல், "வணக்கம், நான் கர்ப்பமாக விரும்புகிறேன்" என்றேன்.

அவள் அதைக் குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு அவள், "அது சற்றுச் சிரமம். இருந்தாலும் வாருங்கள்" என்றாள்.

போனை வைத்துவிட்டேன். அந்த அவமானத்தை வைத்து அடுத்த நான்கு மாதத்தை ஓட்டினேன்.

இடையில் டாக்டர் மாத்திரையின் அளவை ஒரு படி கூட்டினார். அப்பாவின் சாஸ்திரம் ஜெர்மனியிலும் செல்லுபடியாகிறது என்று எனக்கு ஒரே பெருமை. ஸ்கேனில் முட்டை வளர்ந்து வெளியேறியதும் மாதாமாதம் தெரிந்தது. ஆனால் மாதாமாதம் மாதவிலக்கும் வந்தது, அதுவும் இப்போது தேதி தவறாமல். ஆறாம் மாதம் டாக்டர் முன்னால் உட்கார்ந்து, மருந்து தோற்றுவிட்டது, இன்னும் கூட்டுங்கள் என்றேன்.

"மருந்து தோற்கவில்லை" என்றார் அவர். "முட்டையை வெளியே கொண்டுவருவதுதான் அதன் வேலை. அதைச் செய்துவிட்டது. அப்புறமும் கரு தங்கவில்லை என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும். உங்கள் பரிசோதனை முடிவு எங்கே?"

"வந்துகொண்டிருக்கிறது" என்றேன். டப்பா ரசப்பொடிக்குப் பின்னால் வந்துகொண்டுதான் இருந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது மலர்க்கொடி வாயைத் திறந்தாள்.

"ஏலச்செடி நெறையப் பூத்துக் கெடக்கு. தேனீ வந்துச்சா இல்லையான்னு பாக்காம இன்னும் மருந்தடி, மருந்தடிங்கறீங்க. நீங்கள்லாம் தோட்டக்காரரா?"

"தேனீயெல்லாம் நல்லாத்தான் இருக்கும்."

"பொட்டியத் தெறந்து பாத்தீங்களா?"

"கொடி, ரோட்டுல வெச்சு இதெல்லாம்..."

"இங்க யாருக்குத் தமிழ் தெரியும்? நல்லாக் கேட்டுக்கங்க. அந்த டப்பாவக் குடுத்து ரிப்போர்ட்டு வாங்காம இனி ஒரு மாத்திரை முழுங்க மாட்டேன். எனக்கு முப்பத்தாறு முடிஞ்சிருச்சு. மாசம் ஒண்ணு ஒண்ணாப் போகுது. ஒங்களுக்கு என்ன, வெக்கம்தானே போகுது?"

 

3

ஜெர்மனியில் ஆகஸ்டில் நோய்கூட விடுமுறையில் போய்விடும். டாக்டர் கடற்கரைக்குப் போனார். பரிசோதனைக்கூடக் கதவில் பூட்டு. எங்களுக்கும் ஆறு வார லீவு. ஊரிலேயே பரிசோதனை செய்துகொள்கிறேன், தேனியில் நல்ல டாக்டரம்மா இருக்கிறார் என்று வாக்குக் கொடுத்து அவளைக் கூட்டிவந்தேன். அவள் ராசிங்காபுரத்தில் தாய் வீட்டில் இறங்கிக்கொண்டாள். "ரிப்போர்ட்டோட வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தாத குறை.

நான் மலையேறினேன். காய் எடுப்பு தொடங்கியிருந்தது. அண்ணனுக்கு ஒத்தாசை என்று பெயர். டப்பாவிடமிருந்து தப்பித்த ஆனந்தம் என்பது உண்மை.

அங்கேதான் பாண்டி மச்சான் வந்தார். மலர்க்கொடியின் அண்ணன். போடியில் ஏலக்காய் வியாபாரம். போன பருவத்துக் காயை விற்காமல் அப்படியே குடோனில் வைத்திருந்தார்.

"ஏன் மச்சான் இன்னும் விக்கல?" என்றேன்.

"மாப்ளே, வெரசா வித்தவன் எவனும் நிமிந்ததில்ல. இருப்பு வெக்கணும். வெச்சாத்தான் ரேட்டு. எறங்கும்போது சந்தையே திரும்பிப் பாக்கணும்."

"சாம்பிள்?"

"சாம்பிளுக்குன்னு தனியாப் பொறுக்கி வெப்பேன். மொத்தச் சரக்கும் எப்படியும் இருக்கட்டும், சாம்பிள் தெறிக்கணும்ல?"

அவர் ஏலக்காயைப் பற்றித்தான் பேசினார். அவர்மேல் தப்பில்லை. கேட்டுக்கொண்டிருந்தவனின் மண்டைக்குள்தான் விளக்கு எரிந்தது. சாம்பிள் என்று ஒன்று கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அதைப் போடிக்காரன் கொடுக்கிற மாதிரி கொடுக்க வேண்டாமா? பொண்டாட்டி கீழே, நான் மேலே. இயற்கையே குடோன் கட்டிக் கொடுத்திருக்கிறது. இருப்பு வைத்தேன். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்றாவது வாரமும். காலையில் பனிக்குள் நின்று பல் துலக்கும்போதே மார்பு விரிந்திருக்கும். அண்ணன்கூட, "என்னடா, மலக்காத்து ஒத்துக்கிருச்சு போல" என்றான். உள்ளே சரக்கு ஏறிக்கொண்டிருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

4

மூன்று வாரம் முடிந்ததும் மலையிறங்கினேன். போடியில் ஒரு பரிசோதனைக்கூடம். மேசையில் இருந்த பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"நீங்க ராசிங்காபுரத்து மாப்பிள்ளதானே? ஜெர்மனி? கொடி அக்கா நல்லாருக்கா?"

"நல்லாருக்கா."

"எந்த டெஸ்ட்டுண்ணே? சுகரா?"

சுகர் என்று சொல்லித் தப்பித்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. தேனி டாக்டரம்மா ஆஸ்பத்திரியில் வாங்கி வைத்திருந்த சீட்டை நீட்டினேன். படித்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. டப்பாவை எடுத்து வைத்துவிட்டு, "மாடில கடைசி ரூமுண்ணே, கொண்டி சரியா விழாது, கதவ அணச்சுப் பிடிச்சுக்கங்க" என்றாள். பின்னால் வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர், என்ன டெஸ்ட்டுக்குக் கதவைப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தார்.

மறுநாள் முடிவு வந்தது. எண்ணிக்கை தாராளம். ஆனால் பெரும்பாலானவை அசையவில்லை.

அதற்கப்புறம் நான் செய்தவற்றை வரிசையாகச் சொன்னால் என் சம்பளத்தைக் குறைத்துவிடுவார்கள். போனைத் திறந்து கண்டதையெல்லாம் படித்தேன். எனக்கு இருக்கக்கூடிய வியாதிகள் பதினைந்தைக் கண்டுபிடித்தேன்; அதில் ஒன்று ஆடுகளுக்கு மட்டும் வருவது. பஸ்சில் ராசிங்காபுரம் போகிற வழி முழுக்க ஒரு தியாக வசனம் தயாரித்தேன். மாமியார் வீட்டுக் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் முன்னால் போய் நின்று அதை ஒப்பித்தேன்.

"கொடி, கொற என்கிட்டதான். நீ விரும்பினா வேற கல்யாணம் பண்ணிக்க. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

அவள் வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்தாள்.

"இந்த வயசுல இன்னொருத்தனுக்கு இட்லி அவிக்க என்னால ஆகாது. அந்த வாளியத் தூக்குங்க."

மறுநாள் இருவரும் தேனிக்குப் போனோம். டாக்டரம்மா அறுபதைத் தாண்டியவர். ஜெர்மன் காகிதங்களையும் என் முடிவையும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தன நாள் சேராம இருந்து குடுத்தீங்க?"

கடைசியில் என் உழைப்பை மதிக்கிற ஒரு கேள்வி. நிமிர்ந்து உட்கார்ந்தேன். "மூணு வாரத்துக்கு மேல டாக்டர்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்கு?"

"சாம்பிள் நல்லாருக்கணும்னு..."

மலர்க்கொடி தலையில் கை வைத்துக்கொண்டாள். "எங்கண்ணன் கூடச் சேந்தா இப்படித்தான் டாக்டர். இருப்பு வெச்சிருக்காரு."

"தம்பி, இது என்ன ஏலக்காயா?" என்றார் டாக்டரம்மா. "சேத்து வெச்சா எண்ணிக்கை கூடும், ஆனா பழசெல்லாம் அசையாமக் கெடக்கும். ரெண்டு நாளுக்குக் கொறையாம, ஒரு வாரத்துக்கு மேல போகாம இருந்து குடுக்கணும். சீட்டுக்குப் பின்னாடி அச்சடிச்சே இருக்கு. ஒரு டெஸ்ட்ட வெச்சு யாரும் முடிவு பண்றதில்ல. மறுபடி குடுங்க."

"அதுக்கப்புறம்?" என்று கேட்டது அவள்தான். நான் சீட்டின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"இவரோடது சரியா இருந்தா ஒனக்குக் கர்ப்பக்குழாயில மருந்து விட்டு ஒரு படம் எடுப்போம்மா. கொஞ்சம் வலிக்கும். குழாய் தெறந்திருந்தா ஊசி போட்டுப் பாக்கலாம், விந்தச் சுத்தம் பண்ணிக் கருப்பைக்குள்ள விட்டுப் பாக்கலாம். அடச்சிருந்தா அதெல்லாம் வீண் வேல. முட்டைய வெளிய எடுத்து, கருவாக்கி, உள்ள வெக்கணும். வெச்சாலும் தங்கும்னு உத்தரவாதம் இல்ல. எந்தப் படியில போதும்னு தோணுனாலும் நிறுத்திக்கலாம், அது ஒங்க ரெண்டு பேர் இஷ்டம். ஆனா எங்க தடைன்னு தெரியாம மருந்த மட்டும் கூட்டிக்கிட்டே போகக் கூடாது."

"டோஸக் கூட்டினா..." என்று என் வாய் தானாக ஆரம்பித்தது.

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். "எப்பவும் இப்படித்தானா?"

"எப்பவும்தான் டாக்டர்."

5

இரண்டாவது சாம்பிளை வீட்டிலேயே எடுத்துக்கொண்டு, சூடு ஆறாமல், ஒரு மணி நேரத்துக்குள் பரிசோதனைக்கூடத்தில் சேர்க்கலாம் என்று அனுமதி வாங்கினேன். கொண்டி விழாத அந்தக் கதவை என்னால் மறுபடி பார்க்க முடியாது. டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டா போவது? மாமியார் வீட்டில் கிடந்த துணிப்பை ஒன்றில் போட்டு, வாயைச் சுருக்குப் போட்டு, சட்டைக்குள் வைத்து, மாமனாரின் டிவிஎஸ்ஸை முறுக்கினேன். அது என்ன பை என்று கவனிக்கவில்லை. பாண்டி மச்சான் ஏலக்காய் சாம்பிள் கொண்டுபோகிற பை.

போடிக்குள் நுழைகிற இடத்தில் வண்டிகள் நின்றிருந்தன. ஒரு லோடு லாரி குறுக்கே. பக்கத்துக் கடையிலிருந்து மச்சான் குரல்.

"என்ன மாப்ளே, சாம்பிள் பையோட? எந்தத் தோட்டத்துக் காயி?"

சட்டைக்கு மேலே சுருக்குக் கயிறு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. போடியில் ஒருவன் சாம்பிள் பையோடு போனால், அடுத்தவன் கையை விட்டு நாலு காயை உள்ளங்கையில் போட்டு உருட்டிப் பார்க்காமல் விடமாட்டான். அதற்கு அனுமதி கேட்கிற வழக்கம் கிடையாது. மச்சான் கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டார்.

"மச்சான், கை வெக்காதீங்க!"

"கலரு பாக்கறேன்யா. என்கிட்டயே மறைக்கிறீங்க?"

"இது காயி இல்ல மச்சான்!"

"பின்ன?" கை உள்ளே போய் வெளியே வந்தது. டப்பாவில் ஒட்டியிருந்த காகிதத்தில் என் பெயர் இருந்தது. வயது இருந்தது. கூடத்தின் பெயரும் இருந்தது. அவர் படித்து முடிக்கிற வரைக்கும் அந்த லாரி என்மேல் ஏறிவிடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன்.

அவர் சிரிக்கவில்லை. டப்பாவை உள்ளே வைத்து, சுருக்கை அவரே இழுத்து, பையை என் சட்டைக்குள் திணித்து, பொத்தானையும் போட்டுவிட்டார்.

"கதிரு பொறக்கறதுக்கு முன்னாடி என்கிட்டயும் மூணு தடவ வாங்குனாங்க" என்றார் குரலைத் தாழ்த்தி. கதிர் அவருடைய மகன், காலேஜில் படிக்கிறான். "நான் சொன்னேன்னு கொடிகிட்டச் சொல்லிராதீங்க. வெரசாப் போங்க. இதெல்லாம் இருப்பு வெக்கிற சரக்கு இல்ல மாப்ளே."

பிறகு ரோட்டில் இறங்கி, இரண்டு கையையும் விரித்து, "ஏய் லாரி, பின்னால எடுப்பா! அவசர சோலி! வண்டிக்கு வழி விடு!" என்று கத்தினார். மொத்தச் சந்தையும் திரும்பிப் பார்த்தது. அவர் சொன்ன மாதிரியேதான்.

6

முடிவு சுத்தமாக இருந்தது. எண்ணிக்கை சரி, அசைவு சரி. காகிதத்தை விசிறியபடி ராசிங்காபுரம் போனேன். வீட்டு வாசலில் டிவிஎஸ்ஸை நிறுத்தாமல் ஒரு சுற்றுச் சுற்றினேன். மாமனார் பெட்ரோலைப் பற்றி ஏதோ சொன்னார்.

மலர்க்கொடி காகிதத்தை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தாள். "சரி. இனி என் முற" என்றாள்.

குழாய்ப் படம் எடுக்கிற நாளில் நான் தேனியில் அந்த அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. முதியோர் இல்லத்தில் பெரிய பெரிய கிழவர்களை ஒற்றையாளாகப் புரட்டிப் படுக்க வைக்கிறவள் அவள். அவளிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. நான் ஒரு டப்பாவை ஆறு மாதம் ரசப்பொடிக்குப் பின்னால் வைத்தவன்.

இரண்டு குழாயும் அடைத்திருந்தன. எப்போதோ வந்து போன தொற்றாக இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. முட்டை வெளியே வந்தாலும் போவதற்கு வழியில்லை. அந்த மாத்திரைகளில் ஒன்றுகூடப் பலித்திருக்காது.

திரும்பும் பஸ்சில் அவளுக்கு ஜன்னல் சீட். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அடிவாரத்துத் தென்னந்தோப்புகள் வரத் தொடங்கியதும் பேசினாள்.

"மொத மாசமே நீங்க டப்பாவக் குடுத்திருந்தா, அடுத்த மாசமே எனக்கு இந்தப் படத்த எடுத்திருப்பாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. சொன்னாள், அவ்வளவுதான். "ஆமா" என்றேன்.

போடி நெருங்கியதும் மலை முழுதாகத் தெரிந்தது. மேலே மழை மூட்டம். அவள் மறுபடி ஆரம்பித்தாள்.

"மழைல மெட்டு ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடந்தா காய என்ன பண்ணுவீங்க?"

"ரோடு தெறக்கற வரைக்கும் ஸ்டோர்ல போட்டு வெப்போம்."

"ஸ்டோர்ல போட்டு வெக்கிற புத்தி ஒங்களப் போகாது. ரோடே இல்லாத தோட்டத்துக்காரங்க? குரங்கணிக்கு மேல இருக்கறவங்க?"

"குதிரைல ஏத்தி எறக்குவாங்க."

"எறக்கறாங்கள்ல? அப்ப நாமளும் எறக்குவோம்."

7

ஜெர்மனியில் இன்சூரன்ஸ்காரர்கள், வெளியே கரு உருவாக்குகிற சிகிச்சைக்குப் பாதிச் செலவைத் தருவார்கள். அதற்கு நாங்கள் கணவன் மனைவிதான் என்று நிரூபிக்க வேண்டும். கல்யாண ஆல்பத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். முந்நூறு பேர் பந்தியில் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பார்த்த அதிகாரி, இதில் சாட்சிகள் யார் என்று கேட்டார். அத்தனை பேரும் என்றேன். கடைசியில் போடி சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து கல்யாணச் சான்றிதழை வாங்கி, முத்திரை மேல் முத்திரை குத்தி, மொழிபெயர்த்து அனுப்பினோம். அதை அங்கே வரிசையில் நின்று வாங்கி அனுப்பியது பாண்டி மச்சான். பருவம் முடிந்து அவருடைய இருப்பு என்ன விலைக்குப் போனது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

தம்பி, இனி உனக்கு. அவளுடைய ஸ்கேனில் முட்டை வெளிவருகிறதா என்று முதலில் கேள். வருகிறது என்றால் மாத்திரை தன் சோலியை முடித்துவிட்டது. அதைப் போட்டு இழுக்காதே. வரவில்லை என்றால் கூட்டுவதா மாற்றுவதா என்பதை டாக்டர் பார்த்துக்கொள்வார், நீயும் நானும் வேண்டாம். இரண்டில் எதுவானாலும் உன் டப்பாவை இந்த வாரமே கொண்டுபோய்க் கொடு. சீட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுக் கொடு. தயவுசெய்து துணிப்பையில் கொண்டுபோகாதே.

எங்களுக்கு நடந்தது இது. முதலில் வைத்த கரு தங்கவில்லை. அந்த மாதம் முழுக்க மலர்க்கொடி என்னோடு அதிகம் பேசவில்லை, நானும் சிரிக்க வைக்க முயலவில்லை. உறைய வைத்திருந்த இரண்டாவது கருவை வசந்த காலத்தில் வைத்தார்கள். அது தங்கியது. பெண் குழந்தை. ஜனவரியில் மூன்று வயது முடிகிறது.